முத்தம்மாளைப் பிரிந்த அம்மா

நம் புனிதர்களின் நாள்காட்டியில் ஏமி கார்மைக்கேலின் பெயரைத் தேடினால் கிடைக்காது. அவர் கத்தோலிக்கர் அல்லர். அயர்லாந்தில் 1867-ல் பிறந்தார். 1895-ல் இந்தியா வந்தவர், 1951-ல் நெல்லைச் சீமையின் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை.

1901 மார்ச்சில், கோவிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்தாள். அதற்கு முன்பும் ஒருமுறை தப்பியவள்தான். அப்போது பிடிபட்டு, கைகளில் சூடு வாங்கியவள். அவளைத் தொடர்ந்து இன்னும் பல குழந்தைகள் வந்தார்கள். எல்லாருக்கும் ஏமி 'அம்மா' ஆனார். பிறந்தநாளுக்குப் பதிலாக, பிள்ளை அந்த வீட்டுக்கு வந்த நாளையே அங்கே விழாவாகக் கொண்டாடினார்கள்.

ஆனால் வந்த பிள்ளைகள் எல்லாரும் தங்கிவிடவில்லை. நெய்யூரில் கைக்குழந்தைகளுக்கென வைத்திருந்த விடுதியில் 1907-ல் வயிற்றுக்கடுப்பு பரவி, பலர் இறந்தனர். அந்தத் துயரத்தில் இறைவனின் கையில் ஒப்படைத்தோம் என்ற ஆறுதலாவது இருந்தது. முத்தம்மாள் விஷயத்தில் அதுவும் இல்லை.

தந்தை இறந்தபின், அவர் விட்டுச்சென்ற சொத்துக்காக உறவினர் அந்தச் சிறுமிக்கு மணம் முடிக்கப் பார்த்தனர். அவள் டோனாவூரில் தஞ்சம் புகுந்தாள். வழக்கு நடந்தது. பிள்ளையைப் பெற்ற தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1911 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. கெடு முடியுமுன் முத்தம்மாள் மறைந்துவிட்டாள். விருந்தினராக வந்திருந்த ஒரு பெண், அவளுக்கு இஸ்லாமியச் சிறுவன்போல் உடை அணிவித்து இரவோடு இரவாக வெளியேற்றியிருந்தார். தீர்ப்பை மீறியது சரிதானா என்று இன்றும் வாதாடலாம். பெற்றவளுக்கும் கண்ணீர் உண்டே! ஆனால் ஏமி தப்பித்துக்கொண்டார் என்று மட்டும் சொல்ல முடியாது. ஆள் கடத்தல் குற்றத்துக்காகச் சிறைக்குப் போக நேரலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். அதைவிட, பிள்ளை எங்கே இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாமல் மாதங்களைக் கழித்தார். மற்ற குழந்தைகளுக்குச் சோறூட்டும் வேலையோ ஒருநாளும் நிற்கவில்லை.

கடைசியில் கடிதம் வந்தது, சீனாவிலிருந்து! சில ஆண்டுகள் கழித்து முத்தம்மாள் அங்கிருந்து திரும்பி, டோனாவூர்க் குடும்பத்தைச் சேர்ந்த அருள்தாசனை மணந்தாள்.

1931-ல் கீழே விழுந்து அடிபட்ட ஏமி, எஞ்சிய இருபது ஆண்டுகளில் பெரும்பகுதியைப் படுக்கையிலேயே கழித்தார். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள்.