பெசன்ட் அம்மையாரும் மூன்று பத்திரங்களும்

அட்டனுக்கு மேலே, பெயர் சொல்ல வேண்டாத ஒரு தோட்டத்தில் நான் ஆசிரியனாய் இருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மழையிருட்டில், தோட்டத் தலைவரின் காம்பராவில் ஐந்தாறு பெரியவர்கள் கூடினார்கள். ஒரு கணவனும் மனைவியும் இனிச் சேர்ந்து வாழ இயலாதென்று ஆகிவிட்டது. அவன் மேற்பிரிவில் தன் அண்ணன் வீட்டுக்குப் போகிறான். அவள் கீழ்ப்பிரிவில் தாய் வீட்டுக்குப் போகிறாள். பிள்ளைகள் இருவர். மூத்தவள் 11 வயதுப் பெண். இளையவனுக்கு வயது 7. ஆண்பிள்ளை தகப்பனுக்கு, பெண்பிள்ளை தாய்க்கு என்று பெரியவர்கள் தீர்த்தார்கள். வழிவழியாய் வந்த தீர்ப்பு. மறுத்துப் பேச அங்கே எவருமில்லை. எழுதத் தெரிந்தவன் என்பதால் பத்திரத்தை நான் எழுதினேன். கையெழுத்துகள் விழுந்தன. பிள்ளைகள் இருவரும் வெளியே இஸ்தோப்பில் உட்கார்ந்து, தகரத்தில் விழும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை உள்ளே அழைக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பத்து ஆண்டுகள் பிள்ளைகளோடு பழகிய எனக்கும் தோன்றவில்லை.

சில மாதங்கள் சென்று, விடுமுறையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. நான் எழுதிய அதே பத்திரத்தை அதில் கண்டு திடுக்கிட்டேன்.

இவ்வம்மையாரை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணி, அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவி என்ற அளவில் எல்லோரும் அறிவர். ஆனால் அவருடைய வாழ்வின் நடுவே, பெற்றோருக்கிடையிலும் வளர்ப்போருக்கிடையிலும் அலைக்கழிக்கப்பட்ட நான்கு பிள்ளைகள் நிற்கின்றனர். நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றியே.

1847ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் லண்டனில் பிறந்தவர் அன்னி. அயர்லாந்து இரத்தம். 5 வயதில் தந்தையை இழந்தார். வருவாய் குன்றிய தாய், மகளை எலன் மாரியட் என்ற செல்வப் பெண்மணியின் வீட்டில் கல்விக்காக விட்டார். நல்ல கல்விதான், ஆயினும் தாயைப் பிரிந்து பிறர் வீட்டில் வளர்வது எத்தகையது என்பதைச் சிறு பிராயத்திலேயே அறிந்தவர் அவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1867இல் பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாரை மணந்தார். 1869இல் டிக்பி என்ற மகனும், 1870இல் மேபல் என்ற மகளும் பிறந்தனர். மறு ஆண்டு மேபலுக்குக் கக்குவான் இருமல் கண்டு, குழந்தை பிழைப்பதே அரிதென்ற நிலை வந்தது. ஒரு பாவமும் அறியாத சிசு இத்துணை வாதைப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்த தாயின் உள்ளத்தில், கடவுளின் கருணையைப் பற்றிய ஐயம் புகுந்தது. பாதிரியாரின் மனைவிக்கு அவ்வையம் வரலாமா? தேவாலயத்தில் நற்கருணை வாங்க மறுத்தார். வாங்கு, இன்றேல் வீட்டைவிட்டு வெளியேறு என்றார் கணவர். அவர் வெளியேறினார்.

1873இல் பிரிவினைப் பத்திரம் எழுதப்பட்டது. 4 வயது மகன் தந்தையோடு. 3 வயது மகள் தாயோடு. லிங்கன்சையர் நாட்டுப்புறத்துத் திருச்சபை இல்லத்துக்கும் எங்கள் தோட்டத்து லயத்துக்கும் எத்தனையோ ஆயிரம் மைல். காலமோ நூறு ஆண்டுக்கும் மேற்பட்டது. ஆயினும் பங்கீடு ஒன்றே. நிலத்தையும் பாத்திரத்தையும் பிரிப்பதுபோல் அக்காளையும் தம்பியையும், அண்ணனையும் தங்கையையும் பிரித்துக் கொடுத்துவிட்டு, நியாயம் செய்தோம் என்று எழுந்துவிடுகிறோம்.

அக்கால ஆங்கிலச் சட்டத்தில் பிள்ளை தந்தையின் உடைமைக்கு ஒப்பாகவே இருந்தது. தம் மூன்று மைந்தரையும் கணவரிடம் பறிகொடுத்த கரோலைன் நார்ட்டன் என்ற எழுத்தாளர் போராடியதன் பயனாகவே, 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காகத் தாய் நீதிமன்றத்தை அணுகலாம் என்ற விதி 1839இல் வந்தது. ஆகவே மேபலைப் பெற்றதே அன்னிக்குப் பெரும்பேறுதான். அப்பேறு 5 ஆண்டுகள் நீடித்தது.

அதற்குள் அவர் சார்ல்ஸ் பிராட்லாவுடன் சேர்ந்து நாத்திகப் பிரசாரத்தில் இறங்கியிருந்தார். 1877இல் கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை இருவரும் மறுபதிப்புச் செய்ததற்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். தண்டனை மேன்முறையீட்டில் நீங்கியது. ஆனால் கணவருக்கு அது வாய்ப்பாயிற்று. இத்தகைய தாயிடம் பெண் குழந்தை வளர்தல் தகாதென்று 1878இல் அவர் வழக்கிட்டார். அன்னி தம் வழக்கைத் தாமே பேசினார். ஒரு பெண் அவ்வாறு வந்து நின்றதையே நீதிபதி ஜெசல் விரும்பவில்லை. நாத்திகமும் அந்நூலும் தாய்க்கு எதிரான சாட்சிகளாயின. மேபல் தந்தையிடம் ஒப்படைக்கப்பட வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. தந்தை அனுப்பிய ஆள் வந்தபோது குழந்தை வீறிட்டு அழுது, திமிறித் திமிறி, தூக்கிச் செல்லப்பட்டாள். அவளுக்கு அப்போது 8 வயதும் நிரம்பவில்லை. வழக்கில் அவள் பேசிய பேச்சு அந்த அழுகை ஒன்றே. அதுவும் தீர்ப்புக்குப் பிறகு.

பிள்ளைகளைச் சென்று காணும் உரிமையை மேல்நீதிமன்றம் தாய்க்கு அளித்தது. சில சந்திப்புகளுக்குப் பிறகு அவ்வுரிமையை அவரே கைவிட்டார். ஒவ்வொரு சந்திப்பும் பிரிவாகவே முடிந்து பிள்ளைகளின் மனத்தைக் கலக்குவதைக் கண்டு, அவர்கள் வளரும்வரை காத்திருப்பதென்று துணிந்தார். வளர்ந்தபின் டிக்பியும் மேபலும் தாமாகவே தாயைத் தேடி வந்தனர். அவ்வாறு வருவதற்கு எந்த நீதிபதியின் கட்டளையும் வேண்டியிருக்கவில்லை.

1888இல் லண்டன் தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்கு அவர் துணைநின்ற வரலாறு, கொழுந்து பறிக்கும் கைகளுக்குரிய நம் மலைநாட்டில் தனியே எழுதத் தக்கது, இங்கே இடமில்லை. 1889இல் பிரம்மஞான சபையிற் சேர்ந்தார். 1893 நவம்பரில் கொழும்பில் இறங்கி, இலங்கையில் சில நாள் தங்கிச் சொற்பொழிவாற்றி, தூத்துக்குடிக்குக் கப்பலேறினார். எம் முன்னோர் பலர் தேயிலைக்கு வந்த கடல்வழியில் அவர் எதிர்த்திசையிற் சென்றார் என்று நினைக்கும்போது ஒருவகை உறவு தோன்றுகிறது. 1898இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவினார். 1907இல் சபையின் தலைவியாகி அடையாற்றில் அமர்ந்தார்.

அங்கேதான் இரண்டாவது பத்திரம் வருகிறது. ஜிட்டு நாராயணய்யா என்பவர் அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர், மனைவியை இழந்தவர், ஓய்வூதியம் சிறிது, பிள்ளைகள் பலர். 1909இல் சபையின் பணிக்காக அடையாற்றுக்குக் குடிவந்தார். அவருடைய மைந்தன் கிருஷ்ணமூர்த்தியைக் கடற்கரையிற் கண்ட லெட்பீட்டர் என்ற சபையார், வரப்போகும் உலக குருவுக்கு இவனே கருவியாவான் என்று அறிவித்தார். 1910 மார்ச்சில், கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்தியானந்தனையும் பெசன்ட் அம்மையாரின் பாதுகாப்பில் விடுவதாகத் தந்தை எழுதிக் கொடுத்தார். மூத்தவனுக்கு 14 வயது, இளையவனுக்கு 11. மகளைப் பறிகொடுத்த அந்தத் தாய், தமக்குப் பத்திரம் வாங்கிய அன்று, அச்சிறுவர்களின் இசைவும் ஒரு வரியாக அதில் வரவேண்டும் என்று கருதியதாகத் தெரியவில்லை. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

நாராயணய்யாவையும் இகழ்ந்து பேசுவோர் உளர். அது சரியன்று. பிள்ளைகள் சீமையில் கல்வி பெறுவர் என்ற ஆசையும் வறுமையும் கையெழுத்திடச் செய்தன. தன் மகனை ஒரு கூட்டம் தெய்வமாக வணங்கத் தொடங்கியதையும், லெட்பீட்டரின் சகவாசத்தையும் கண்டபின் அவருக்கு அச்சம் பிறந்தது. கொடுத்ததைத் திரும்பக் கேட்டார். அம்மையாரோ சிறுவர்களை இங்கிலாந்தில் விட்டு வந்திருந்தார். 1912இல் செங்கற்பட்டில் தொடுக்கப்பட்ட வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மாறியது. தந்தைக்காக சி. பி. ராமசாமி ஐயர் தோன்றினார். அம்மையார், மகளுக்காக வாதாடியதுபோலவே, 35 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தாமே எழுந்து நின்று வாதாடினார். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் தீர்ப்பளித்தார். லெட்பீட்டர்மீது சுமத்திய கொடிய குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றார். ஆயினும் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்கக் கட்டளையிட்டார். மேன்முறையீடும் அவ்வாண்டே தோற்றது.

இவ்வளவு வாதங்களுக்கும் நடுவே ஒரு சிறு விஷயம் கிடந்தது. நன்கு ஆராய்ந்து விருப்பம் கொள்ளத்தக்க வயதுடைய பிள்ளையாயின், அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்று 1890ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாவலர் சட்டத்திலேயே எழுதியிருந்தது. மூத்தவன் 18 வயதை எட்டிக்கொண்டிருந்தான். இளையவனுக்கு 14. ஏடுகளில் அவர்களுடைய பெயர்கள் நிறைந்திருந்தன. அவர்களுடைய குரல் இல்லை.

வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் என்னும் கோமறைக் கழகத்துக்குச் சென்றது. அந்தச் சபை மலைநாட்டாருக்கு அந்நியமன்று. எம்மவரின் வாக்குரிமை வழக்கு 1953இல் அங்கேதான் தோற்றது. 1914 மே மாதம் பெசன்ட் வழக்கில் அது தீர்ப்பளித்தது. தந்தையின் பாதுகாப்புரிமை ஒரு புனிதமான பொறுப்பு. அதைத் திரும்பப் பெறவொண்ணாதபடி பிறருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று அது ஒத்துக்கொண்டது. ஆனால் அப்படி ஒப்படைத்ததால் பிள்ளைகளுக்குப் புதிய பற்றுகளும் எதிர்பார்ப்புகளும் உண்டாகி, அவற்றைக் குலைத்தல் அவர்களுக்கு நன்றன்று எனில் நீதிமன்றம் குறுக்கிடலாம் என்றும் சொன்னது. சிறுவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கில் முறையாகப் பிரதிநிதித்துவம் பெறவில்லை. அவர்களுடைய விருப்பம் கேட்டறியப்படவில்லை. இந்தியாவுக்குத் திரும்ப அவர்கள் விரும்பவுமில்லை. சென்னைக் கட்டளை நீங்கியது. நாராயணய்யா வேண்டுமாயின் இங்கிலாந்தில் புதிதாக வழக்கிடலாம் என்று வழி விடப்பட்டது. அவர் அவ்வழி செல்லவில்லை.

அம்மையார் வென்றார். எனினும் அவ்வெற்றியில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. நான்கு ஆண்டுகள் ஒருவர் வீட்டில் உண்டு, உடுத்து, போற்றப்பட்ட பிள்ளையிடம், யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று கேட்டால் வேறென்ன விடை வரும்? கேட்காமை ஒரு பிழை. கேட்கும் இடமும், கேட்பவரும், கேட்கும் நேரமும் விடையை உருவாக்கிவிடும் என்பதை மறத்தல் மற்றொரு பிழை. கிருஷ்ணமூர்த்தியின் சொந்த விடை வெகுகாலம் கழித்தே வந்தது. 1929 ஆகஸ்டு 3ஆம் நாள், ஒல்லாந்து நாட்டு ஓமனில், அம்மையார் அவையில் அமர்ந்திருக்க, தமக்காக நிறுவப்பட்ட விண்மீன் சங்கத்தைக் கலைப்பதாக அவர் அறிவித்தார். அவர்தம் சபைத் திட்டங்கள் சரிந்தன. ஆனால் தாய்மகன் பாசம் அறுபடவில்லை. அம்மையார் 1933 செப்டம்பர் 20இல் அடையாற்றில் மறைந்தார்.

அச்சரித்திரத்தில் என்னை மிகவும் பிடித்துக்கொண்டது வேறொன்று. டிக்பியும் மேபலும் பிஞ்சுப் பருவத்தில் பிரிக்கப்பட்டனர். கிருஷ்ணனும் நித்தியாவும், கண்டங்கள் மாறினும் கட்சிகள் மாறினும், ஒன்றாகவே வளர்ந்தனர். 1925இல் காசநோயால் நித்தியா இறந்தபோது அண்ணன் அடைந்த துயரம் அவர் வாழ்வையே திருப்பியது என்பர். தாயா தந்தையா என்று நாம் கேட்கிறோம். பிள்ளைகளின் மனக்கணக்கில் நாம் எண்ணாத உறவொன்றும் இருக்கிறது.

இதைப் படித்த பிறகு என் பத்திரம் என்னை உறங்க விடவில்லை. ஐக்கிய நாடுகளின் பிள்ளைகள் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்லவும், அதை வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கப் பெறவும் பிள்ளைக்கு உரிமையுண்டென்று அதன் 12ஆம் உறுப்புரை கூறுகிறது. நீதிமன்றத்தையும் குறிப்பிட்டே கூறுகிறது. ஆனால் தோட்டத்தில் எத்தனை பிரிவினைகள் நீதிமன்றப் படியேறுகின்றன? தலைவர் வீட்டுக் காம்பராவில் எழுதப்படும் காகிதத்துக்கு எந்தச் சாசனம் தெரியும்?

தலைவரிடம் சென்றேன். அந்தப் பெண் தினமும் இடைவேளையில் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தம்பிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதைச் சொன்னேன். மேற்பிரிவிலிருந்து வரும் அவன் பாடசாலை விட்டபின் வீடு செல்லாமல் சந்தியில் நிற்பதையும் சொன்னேன். முடிந்த காரியத்தைக் கிளறலாமா வாத்தியார் என்று அவர் முதலில் சினந்தார். பிறகு சற்று யோசித்து, அடுத்த ஞாயிறு எல்லோரையும் அழைத்தார்.

இம்முறை பிள்ளைகளைச் சபை நடுவே நிறுத்தவில்லை. தாயோ தந்தையோ நானோ அருகில் இல்லாமல், அவர்களைக் கைக்குழந்தைகளாகப் பார்த்த பிள்ளை மடுவத்து ஆயா, அடுப்படியில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துப் பேசினாள். வெகுநேரம் சென்று வந்தாள். அந்தப் பெண் தாயை வேண்டுமென்றும் சொல்லவில்லை, தந்தையை வேண்டாமென்றும் சொல்லவில்லை. தான் போகும் இடத்துக்குத் தம்பியும் வருவானா என்று மட்டும் கேட்டாளாம். அவன் ஒன்றும் பேசாமல் அக்காளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தானாம்.

தலைவர் பத்திரத்தை என்னிடம் நீட்டினார். நான் எழுதிய வரியை நானே அடித்தேன். அதன் கீழே என்ன எழுதுவதென்று பெரியவர்கள் பேசத் தொடங்கினார்கள். மழை விட்டும் அந்தப் பேச்சு விடவில்லை.