பிரித்துப் பார்த்துப் படித்தவர் ஜி.டி. நாயுடு



விஞ்ஞானி என்றாலே நமக்கு வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும்தான் ஞாபகம் வரும். நான் எழுதப் போகிறவர் அப்படி இல்லை. கையெல்லாம் கிரீஸ். நம்ம மாவட்டத்துப் பழனிக்கு அந்தக் காலத்திலேயே பஸ் ஓட்டிக்கொண்டு வந்தவர். அவர்தான் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ஆம் தேதி, கோவைப் பக்கம் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே அம்மா தவறிவிட்டார். பள்ளிக்கூடத்தில் அவர் ரொம்ப நாள் தங்கவில்லை. வாத்தியார் மேல் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு ஓடிவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். (ஆசிரியர்கள் மன்னிக்கவும். கதையைத்தான் சொல்கிறேன், யோசனை சொல்லவில்லை!) ஆனால் படிப்பை விட்டாரே தவிர புத்தகத்தை விடவில்லை. தானாகவே வாங்கி வாங்கிப் படித்தார்.

ஒருநாள் அவர் ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் வண்டி. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, தானா ஓடுது. துரைசாமிக்கு அதற்கப்புறம் வேறு நினைப்பே இல்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சில வருடம் கழித்து அந்த அதிகாரியிடமே போய் அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். நாமாக இருந்தால் அன்றைக்கே ஊரைச் சுற்றி வந்திருப்போம். அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அக்கு அக்காகக் கழற்றினார். கழற்றினதை மறுபடி மாட்டினார். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. மெக்கானிக் வேலையை அவர் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

இதை நான் முதலில் படித்தபோது, கழற்றி மாட்டுவது என்ன பெரிய வித்தையா என்றுதான் நினைத்தேன். எங்கள் சித்தப்பாவோடு உட்கார்ந்து அவருடைய பழைய காரின் பிரேக்கைக் கழற்றின பிறகுதான் அதன் கஷ்டம் தெரிந்தது.

சித்தப்பா விடியற்காலையில் நிலக்கோட்டைக்குப் போய் மல்லிகைப்பூ ஏற்றி திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு வருவார். வண்டி நின்றால் அன்றைக்கு வருமானம் கிடையாது. கொஞ்ச நாளாக வண்டி இடது பக்கமாகவே இழுத்தது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரம் ஒன்று மட்டும் கொதிக்கும், கருகின வாடை வேறு. காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. டிஸ்க் என்ற வட்டத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இடுக்கி மாதிரியான பாகத்துக்குக் காலிப்பர் என்று பெயர். உள்ளே இருக்கிற பிஸ்டன் துருப்பிடித்தாலோ, காலிப்பர் நகர்கிற பின்னில் கிரீஸ் வற்றினாலோ அது இறுகிப்போகும்.

பிரேக்கில் போய் விளையாடலாமா என்று அம்மா சத்தம் போட்டார். அம்மா சொன்னதும் நியாயம்தான். அதனால் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் சாயங்காலம் வந்து பார்க்கிறவரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம்.

முதலில் பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே ஸ்டாண்டும் கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடக் கூடாது. சக்கரத்தைக் கழற்றியதும் சித்தப்பா காலிப்பரில் இருக்கிற நிப்பிளைக் கொஞ்சம் லூஸ் பண்ணிப் பார்த்தார். ஆயில் பீய்ச்சி வந்து பிரேக் விட்டுவிட்டால் ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம். அப்போது புதுக் காலிப்பர் போட்டும் பிரயோஜனம் இல்லை. ஆயில் வந்தது, ஆனால் சக்கரம் அசையவில்லை. குற்றம் காலிப்பரில்தான்.

கழற்றின போல்ட்டுகளைப் பழைய நியூஸ் பேப்பரில் வரிசையாக வைத்து, எது எங்கே இருந்தது என்று பக்கத்தில் எழுதுவது என் வேலை. அடுத்த பக்கத்துச் சக்கரத்தை நாங்கள் தொடவே இல்லை. சந்தேகம் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ளலாமே! ஹோஸ் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர் போட்டோம். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், ஆயில் கசியும். புதுக் காலிப்பரை மாட்டும்போது நிப்பிள் மேல் பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று மேலேதான் நிற்கும். வலது இடது மாற்றிப் போட்டால் நிப்பிள் கீழே போய்விடும், உள்ளே இருக்கிற காற்று வெளியே வராது. காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் பிடிக்காது. கடைசியில் நான் பெடலை மிதிக்க மிதிக்க, சித்தப்பா நிப்பிளைத் திறந்து மூடி ஏர் எடுத்தார். பெடல் கல் மாதிரி ஆன பிறகுதான் நிறுத்தினோம். சாயங்காலம் மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, மெதுவாக ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

எங்களுக்காவது பார்த்து மாட்ட அடுத்த பக்கத்துச் சக்கரம் இருந்தது. கலங்கலில் இன்னொரு ரட்ஜ் வண்டிக்கு அவர் எங்கே போவார்?

சரி, நாயுடுவிடம் திரும்புவோம். இடையில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கினார். நல்ல லாபம் வந்தது. பிறகு பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் அத்தனையும் விட்டார். மறுபடி மோட்டாருக்கே வந்தார். கோவையில் தொழில் நடத்தின ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் அவரை நம்பிக் கடனுக்கு ஒரு பஸ் கொடுத்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அந்த பஸ் ஓடியது. ஓட்டியவரும் நாயுடுதான். அப்போது திண்டுக்கல் மாவட்டம் என்று ஒன்று கிடையாது, பழனி மதுரை ஜில்லாவில் இருந்தது. பழனிக்கு ரயிலும் வரவில்லை.

அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். அதுவும் ஆயில் பிரேக் இல்லை. மிதித்தால் இரும்புக் கம்பி இழுத்துப் பிடிக்கும். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய இழுத்தால் வண்டி கோணிக்கொண்டு போகும். வழியில் நின்றால் ஒர்க்‌ஷாப்பைத் தேடி எங்கே போவது? வண்டியைத் தானே பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் கையில் அந்த பஸ் இருந்தது பயணிகள் அதிர்ஷ்டம் என்பேன்.

அந்த ஒரு பஸ் வளர்ந்து யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனி ஆனது. 1937-இல் பீளமேட்டில் அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார். இந்தியாவில் உருவான முதல் மோட்டார் அதுதான் என்கிறார்கள். பேட்டரியில் ஓடும் சவரக் கத்தி, மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் போடும் மெஷின் என்று இன்னும் பல செய்தார். எனக்குப் பிடித்தது அந்த மண்ணெண்ணெய் விசிறிதான். கரண்ட் போனாலும் கவலை இல்லை!

பணம் சேர்ந்ததும் தொழிற்கல்விக்குக் கொடுத்தார். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்ததோடு, அதன் முதல்வராகவும் இருந்தார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் என்று சொல்லப்படுகிறவர் காலேஜ் பிரின்ஸிபால்! இன்ஜினியர் படிப்புக்கு நான்கு வருடம் தேவையே இல்லை, இரண்டு வருடம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டுவிட்டார். இதில் நான் முழுசாக அவர் பக்கம் இல்லை. அவருக்கு இரண்டு வருடம் போதும். எல்லோருக்கும் போதுமா? ஆனால் ஸ்பேனரைத் தொடாமலே பாஸாகிற படிப்பின் மேல் அவருக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது.

1952-இல் இரண்டு பேர் உட்காரும் சின்ன பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய்தான். தயாரித்து விற்க அரசாங்கத்தின் லைசென்ஸ் கிடைக்கவில்லை. அந்தக் கார் தெருவுக்கே வராமல் போனது. வரிப் பிரச்சினையிலும் அரசாங்கத்தோடு அவருக்குக் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. சோர்ந்து உட்காரவும் இல்லை. தோட்டத்தில் பருத்தி, பப்பாளி என்று செடிகளை வைத்து ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்துவிட்டார்.

1974 ஜனவரி 4-ஆம் தேதி, 80 வயதில் அவர் காலமானார். கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் ஒரு கண்காட்சி இருக்கிறது. அங்கேயே 2015-இல் கார் அருங்காட்சியகம் ஒன்றும் திறந்தார்கள். அடுத்த சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று அறிவியல் ஆசிரியர் கேட்டால், தோழர்களே, எல்லோரும் சேர்ந்து கையைத் தூக்குங்கள்.