சைக்கிளில் பாரதம் கண்ட அம்மையார்

மயிலாப்பூரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலை வழியே சுமார் 700 கிலோமீட்டர். சைக்கிளில் போய்த் திரும்பினால் 1,400 கிலோமீட்டர். இப்படிப் பதினாறு முறை போய்வந்தால் எவ்வளவு தூரம் ஆகுமோ, அவ்வளவு தூரத்தை ஒரு பெண்மணி சைக்கிளிலேயே கடந்திருக்கிறார். அதுவும் நூற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு!

அவர் பெயர் ஃபானி புல்லக் வொர்க்மன். அமெரிக்க நாட்டுச் சீமாட்டி. கணவர் டாக்டர் வில்லியம் ஹண்டர் வொர்க்மனுடன் 1897 முதல் 1899 வரை இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா, இந்தோசீனா ஆகிய இடங்களில் அவர் சுற்றிய தூரம் 14,000 மைல். இதில் இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயமலை வரை மட்டுமே சுமார் 4,000 மைல்.

சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்றிவருவது இன்று ஒரு விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. பைக்பேக்கிங் என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. எந்தச் சைக்கிள் வாங்குவது, எந்த டயர் போடுவது, எதை எடுத்துப் போவது, எதை வீட்டில் விட்டுச் செல்வது என்று இளைஞர்கள் யோசிக்கிறார்கள். இந்தப் பெயர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இத்தனை கேள்விகளுக்கும் வழியிலேயே விடை கண்டவர் ஃபானி அம்மையார்.

செல்வ மகள்

1859-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதி, மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள வூஸ்டர் நகரில் ஃபானி பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் புல்லக் அந்த மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். தாய்வழிப் பாட்டனார் வெடிமருந்து செய்து பெரும் பொருள் ஈட்டியவர். பணத்துக்குக் குறைவில்லை. வீட்டிலேயே ஆசிரியை வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு நியூயார்க், பாரிஸ், டிரெஸ்டன் நகரங்களில் படிப்பு.

1882-இல் திருமணம். டாக்டர் வொர்க்மன் மனைவியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மலை ஏறும் ஆசையை மனைவிக்கு ஊட்டியவர் அவரே. சில ஆண்டுகளில் உடல்நலம் காரணமாக அவர் வைத்தியத் தொழிலை விட்டார். குடும்பம் ஜெர்மனிக்குக் குடியேறியது.

அவர்களுக்கு இரண்டு குழந்தைகள். மகள் ரேச்சல், மகன் சீக்ஃபிரீட். 1893-இல் சிறுவன் சீக்ஃபிரீட் சளிக் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். அந்த அடிக்குப் பிறகு ஃபானி வீட்டில் தங்கவே இல்லை என்று சொல்லலாம். மகளைத் தாதியரிடமும் விடுதிப் பள்ளியிலும் ஒப்படைத்துவிட்டுத் தம்பதிகள் ஊர் ஊராகப் புறப்பட்டார்கள்.

புது வாகனம்

அக்காலத்தில் சைக்கிள் ஒரு புதுமை. அதற்கு முன்பிருந்த வண்டியில் முன்சக்கரம் ஆள் உயரம் இருக்கும், பின்சக்கரம் தட்டளவு. அதில் ஏறுவதே ஒரு வித்தை. கல்லில் இடித்தால் தலைகுப்புற விழவேண்டியதுதான். 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, செயின் வைத்துப் பின்சக்கரத்தைச் சுழற்றும் வண்டியைக் கொண்டுவந்தார். 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் சைக்கிள் நெடும்பயணத்துக்கு ஏற்ற வாகனம் ஆயிற்று.

பெண்கள் சைக்கிள் ஓட்டுவதா என்று பலர் முகம் சுளித்த காலம் அது. ஃபானி அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் உடையை மாற்றவும் இல்லை. நீண்ட பாவாடை அணிந்தே வண்டி ஓட்டினார்.

முதலில் ஐரோப்பிய நாடுகளில் பழகினார்கள். பிறகு ஆப்பிரிக்காவின் வடகரையில் உள்ள அல்ஜீரியாவுக்குப் போய், அட்லஸ் மலையைத் தாண்டிச் சகாரா பாலைவனத்தின் ஓரம் வரை சென்றார்கள். 1895-இல் ஸ்பெயின் நாட்டில் 2,800 மைல். ஒரு நாளைக்குச் சராசரி 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர். மயிலாப்பூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். சில நாட்களில் 80 மைல் கூடப் போனார்கள். மயிலாப்பூரில் காலையில் கிளம்பினால் அது திண்டிவனத்தையும் தாண்டிவிடும்.

ஹாண்டில்பாரில் தேநீருக்கு ஒரு தகரக் கெட்டில். துரத்தும் நாய்களை விரட்ட ஒரு சாட்டை. இப்படி ஒவ்வொரு பயணத்திலும் எது தேவை, எது சுமை என்று கண்டுகொண்டார்கள். இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

மூட்டையில் என்ன?

இந்தியா வரும்போது ஃபானிக்கு வயது 38; கணவருக்கு 50. இலங்கையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டார்கள். பழைய கோயில்களையும் சிற்பங்களையும் காண்பதே நோக்கம். அதற்காக ராமாயணம், மகாபாரதம், புத்த ஜாதகக் கதைகள் ஆகியவற்றைத் தேடிப் படித்திருந்தார்கள்.

இவ்வளவு பெரிய பயணத்துக்குச் சைக்கிளில் எடுத்துச் சென்றவை என்ன? தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டின்னில் அடைத்த இறைச்சி, தண்ணீர். ஆளுக்கு ஒரு கம்பளி. தலையணை. எழுதுவதற்குத் தாளும் பேனாவும். மருந்துப் பெட்டி. சைக்கிள் ரிப்பேர் சாமான்கள். அவ்வளவுதான்!

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் ஊன்றிப் பார்க்க வேண்டும். சமைக்க வேண்டிய பண்டம் எதுவும் இதில் இல்லை. எல்லாம் அப்படியே சாப்பிடக் கூடியவை. கூடாரமும் இல்லை. ரயில் நிலையங்களுக்கு அருகே செல்லும் பெரிய சாலைகளாகப் பார்த்து வழியை வகுத்துக்கொண்டதால் உணவுப் பொருள் தீர்ந்தால் ரயிலடியில் கிடைக்கும். தங்க இடம் கிடைக்காத இரவுகளில் ரயில் நிலையத்தின் பயணிகள் அறையிலேயே படுத்துக்கொண்டார்கள். சாலையைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததால் மூட்டை பாதியாகக் குறைந்தது. சைக்கிள் பயணத்தில் முதல் கணக்கே இதுதான். எங்கே சோறு, எங்கே தண்ணீர், எங்கே படுக்கை என்பது தெரிந்தால், எதைச் சுமக்க வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும்.

சுமை குறைவாக இருக்கவேண்டியதற்குக் காரணம் உண்டு. அக்காலத்துச் சைக்கிள்களில் கியர் மாற்றும் வசதி கிடையாது. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே பல்சக்கரம்தான். பெரும்பாலான வண்டிகளில் சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை ஓய்வாக வைத்துக்கொண்டு இறக்கத்தில் உருண்டு போக முடியாது. பிரேக்கும் பலமற்றது. பாலம் இல்லாத ஆறு குறுக்கிட்டால் மணலில் வண்டியைத் தள்ள வேண்டும். சில வேளை தூக்கவும் வேண்டும். ஒவ்வொரு சேர் எடையும் கையிலும் காலிலும் வந்து நிற்கும்.

முள்ளோடு போராட்டம்

ஆனாலும் ரிப்பேர் சாமான்களில் மட்டும் அவர்கள் சிக்கனம் பார்க்க முடியவில்லை. நம் நாட்டுச் சாலைகளில் முள்ளுக்குப் பஞ்சமா? ஒரே நாளில் 40 பஞ்சர் வரை ஒட்ட நேர்ந்ததாம்! ஒரு பஞ்சருக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், ஆறரை மணி நேரத்துக்கு மேல் அதற்கே போய்விடும்.

நகரத்தில் டயர் பஞ்சரானால் வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். பொட்டல் காட்டில் எங்கே போவது? டயரை நெம்பி டியூபை வெளியே எடுக்க வேண்டும். தண்ணீரில் அமுக்கினால் குமிழி கிளம்பி ஓட்டையைக் காட்டும். குடிப்பதற்கே தண்ணீர் குறைவு என்றால், டியூபைக் கன்னத்தருகே பிடித்துக் காற்று எங்கே சீறுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அந்த இடத்தைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ரப்பர் துண்டை ஒட்ட வேண்டும். அதோடு விட்டுவிடக் கூடாது. டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளை எடுத்தாக வேண்டும். அதை மறந்தால் பத்தடி போவதற்குள் அதே முள் மறுபடியும் குத்தும்.

இன்று இதற்கு வேறு வழிகள் வந்துவிட்டன. கரடுமுரடான பாதைக்கென்று அகலமான டயர்கள் இருக்கின்றன. அவற்றில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் மணலில் புதையாது, கல்லில் குதிக்காது. டியூபே இல்லாத டயருக்குள் பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றிவிடுகிறார்கள். முள் குத்தினால் அந்தத் திரவமே ஓட்டையில் உறைந்து அடைத்துவிடுகிறது. சிறிய பல்சக்கரம் மேட்டில் காலுக்கு உதவுகிறது. பைகளையும் ஒரு முறையோடு கட்டுகிறார்கள். கனமான பொருள்களைச் சைக்கிள் சட்டத்தின் நடு முக்கோணத்தில் வைக்கிறார்கள். கம்பளி, துணி போன்ற லேசானவற்றை ஆசனத்துக்குப் பின்னாலும் ஹாண்டில்பாரிலும் கட்டுகிறார்கள். இதனால் வண்டி ஆடுவதில்லை. இவ்வளவு இருந்தும் ஒட்டுப்போடும் சாமானும் காற்றடிக்கும் பம்பும் இல்லாமல் அனுபவசாலி யாரும் கிளம்புவதில்லை.

முள் மட்டுமா? கொசுத் தொல்லை, எலிகள் ஓடும் அறைகள், பட்டினி, தாகம் அத்தனையையும் தம்பதிகள் சகித்தார்கள். இந்தப் பயணத்தைப் பற்றி அவர்கள் எழுதிய நூல் 1904-இல் வெளியாயிற்று.

காணத் தவறியது

அம்மையாரின் துணிச்சலைப் புகழும் அதே வேளையில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கோயில்களையும் தூண்களையும் நுணுக்கமாகக் கண்ட அவர், அவற்றைச் சுற்றி வாழ்ந்த மக்களை அவ்வளவு ஊன்றிக் காணவில்லை. நூலில் கட்டடங்களுக்குக் கிடைத்த இடம் மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. அது வெள்ளையர் ஆட்சிக் காலம். அந்தக் காலத்தின் செருக்கு அவரிடமும் இருந்தது.

அதன் விலையை அவர் விரைவிலேயே கொடுக்க நேர்ந்தது. 1898-இல் சைக்கிளை விட்டுவிட்டு, சுமைகூலிகளை அமர்த்திக்கொண்டு இமயமலையில் சுற்றப் புறப்பட்டார். மலை வாழ் மக்களின் பழக்கவழக்கங்களும் அவர்கள் மனமும் அவருக்குப் பிடிபடவில்லை. காலநிலையும் கைகொடுக்கவில்லை. முயற்சி பாதியில் நின்றது. சைக்கிளையும் பையையும் செம்மைப்படுத்தக் கற்றவருக்கு, உடன் வரும் மனிதர்களோடு இசைந்து போவது அரிய பாடமாகவே இருந்தது.

பனிமலை ராணி

ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. 1899-இல் ஸ்விட்சர்லாந்து நாட்டின் புகழ்பெற்ற வழிகாட்டி சுர்பிரிக்கனை அழைத்துக்கொண்டு காரகோரம் மலைக்குச் சென்றார். அங்கே தாம் ஏறிய ஒரு சிகரத்துக்கு இறந்துபோன மகனின் பெயரைச் சூட்டி, சீக்ஃபிரீட்ஹார்ன் என்று அழைத்தார். ஊர் ஊராக ஓடியும் அந்தத் தாய் மனம் ஆறவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

1906-இல், தமது 47-ஆம் வயதில், காஷ்மீரப் பகுதியின் நுன் குன் மலைத்தொகுதியில் உள்ள பினக்கிள் சிகரத்தில் ஏறினார். உயரம் 22,700 அடிக்கு மேல். அவ்வளவு உயரத்துக்கு அதற்கு முன் எந்தப் பெண்ணும் ஏறியதில்லை. 1934 வரை அந்தச் சாதனை முறியடிக்கப்படவில்லை. அன்னி பெக் என்ற மற்றொரு அமெரிக்கப் பெண்மணி பெரு நாட்டில் தாம் அதைவிட உயரம் ஏறியதாகச் சொன்னபோது, ஃபானி சும்மா இருக்கவில்லை. சொந்தப் பணத்தில் பிரெஞ்சுப் பொறியாளர்களை அனுப்பி அந்த மலையை அளக்கச் செய்தார். அது குறைந்த உயரமே என்று நிரூபித்த பிறகே ஓய்ந்தார்!

1911-லும் 1912-லும் சியாச்சின் பனியாற்றை ஆராய்ந்து படம் வரைய ஏற்பாடு செய்தார். 1912-இல் 21,000 அடி உயரத்தில், பெண்களுக்கு வாக்குரிமை கோரும் பத்திரிகை ஒன்றைக் கையில் விரித்துப் பிடித்தபடி புகைப்படம் எடுத்துக்கொண்டார். அமெரிக்கப் பெண்கள் அனைவருக்கும் அந்த உரிமை அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது 1920-இல்தான். பாரிஸ் நகரின் சார்போன் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றிய முதல் அமெரிக்கப் பெண்மணியும் அவரே.

விட்டுச் சென்ற செல்வம்

நீண்ட நாள் நோயுற்றிருந்த ஃபானி அம்மையார் 1925-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி பிரான்ஸ் நாட்டின் கான் நகரில் காலமானார். கணவர் அவருக்குப் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தாயின் அருகிருந்து வளரும் வாய்ப்பைப் பெறாத மகள் ரேச்சல், படித்து மண்ணியல் அறிஞராகப் பெயர் பெற்றார்.

அம்மையார் தம் செல்வத்திலிருந்து 1,25,000 டாலரை நான்கு பெண்கள் கல்லூரிகளுக்கு எழுதி வைத்திருந்தார். தமக்குக் கிடைத்த கல்வியும் துணிவும் மற்றப் பெண்களுக்கும் கிடைக்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

இன்று சைக்கிளில் நெடுந்தூரம் கிளம்ப விரும்பும் இளைஞர்களும் யுவதிகளும் கடைக்குப் போவதற்கு முன் இந்த அம்மையாரின் மூட்டையை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம். ஒரு கம்பளி, கொஞ்சம் பிஸ்கட், தண்ணீர், மருந்து, பஞ்சர் ஒட்டும் சாமான். இவற்றோடு, வழியில் இருக்கும் மனிதர்களை மதிக்கும் மனத்தையும் எடுத்துச் சென்றால், அவருக்குக் கிட்டாத ஒன்றும் அவர்களுக்குக் கிட்டும்.