கொலராவின் நஞ்சைக் கண்டறிந்த சம்புநாத் டே

நோய்க் கிருமிகள் பற்றிய பாடத்தில் ராபர்ட் கொக், லூயி பாஸ்டர் ஆகிய பெயர்களை நம் பிள்ளைகள் தடுமாறாமல் சொல்லிவிடுவார்கள். சம்புநாத் டே யாரென்று கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடும். வயிற்றோட்டம் வந்ததும் நாம் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதியின் பின்னாலுள்ள அறிவில் இவருக்கும் பங்குண்டு.

நம் மாவட்டத்துத் தோட்ட மக்களின் வரலாற்றிலும் கொலராவுக்கு இடமுண்டு. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்ட காலத்தில் அந்நோய் பலரை வழியிலேயே பலிகொண்டது. மண்டபம் முகாமில் அவர்களைத் தடுத்து வைத்துப் பரிசோதித்ததற்கு இந்தப் பயமும் ஒரு முக்கிய காரணம்.

டே 1915இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்திலுள்ள கரிபாட்டி கிராமத்தில், வசதி குறைந்த குடும்பத்தில் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1939இல் மருத்துவரானார். பின்னர் லண்டன் சென்று நோயியலில் ஆய்வு செய்து, 1949இல் கலாநிதிப் பட்டம் பெற்று நாடு திரும்பினார். கொலராவால் மக்கள் மடிவதைக் கண்ணெதிரே கண்ட ஊர் அது. அந்நோயையே தன் ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டார்.

கொலராக் கிருமியை ராபர்ட் கொக் 1884இல் அதே கல்கத்தாவில் இனங்கண்டிருந்தார். கிருமி வெளிவிடும் நஞ்சுதான் நோயைத் தருகிறதென்று அவர் ஊகித்தார். ஆனால் 75 ஆண்டுகளாக அதை எவராலும் நிரூபிக்க முடியவில்லை. பலர் கிருமியை விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் ஏற்றிப் பார்த்தார்கள். டே அதைக் குடலுக்குள்ளேயே செலுத்தினார்.

முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அத்துண்டு கஞ்சித் தண்ணீர் போன்ற திரவத்தால் புடைத்திருந்தது. இதை 1953இல் வெளியிட்டார். பிறகு கிருமிகளை முற்றாக வடிகட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் அதே விளைவுதான். கிருமியே இல்லாமல் நோய்க்குறி தோன்றியது! நஞ்சு ஒன்று உண்டென்பது 1959இல் நேச்சர் சஞ்சிகை வழியாக உலகுக்குத் தெரியவந்தது.

ஒரு வேறுபாட்டை இங்கே விளங்கிக்கொள்வது நல்லது. சிகெல்லா போன்ற பக்டீரியா குடற்சுவரின் கலங்களுக்குள் நுழைகிறது. தாக்கப்பட்ட கலங்கள் இரசாயனச் சமிக்ஞைகளை அனுப்ப, வெண்குருதிக் கலங்கள் திரண்டு வருகின்றன. கிருமியை எதிர்க்கும் அந்தப் போரில் குடற்சுவரும் சிவந்து, வீங்கி, புண்ணாகிறது. இதுவே அழற்சி, மலத்தோடு இரத்தமும் சளியும் வருவது இதனால்தான். கொலராக் கிருமியோ கலத்துக்குள் நுழைவதில்லை. அதன் நஞ்சு மட்டும் உள்ளே சென்று, கலம் ஓயாமல் உப்பை வெளியேற்றும்படி செய்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. குடற்சுவர் பெரிதாக அழற்சி அடைவதுமில்லை, அழிவதுமில்லை.

குடற்சுவர் அழியாமல் இருப்பதால், சீனியோடு சேர்த்துக் கொடுக்கும் உப்பையும் நீரையும் அதனால் உறிஞ்ச முடிகிறது. டாக்காவிலும் கல்கத்தாவிலும் மற்ற ஆய்வாளர்கள் இந்த வழியில் கரைசலை உருவாக்கினார்கள். 1971இல் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த பொன்காவ் முகாமில் டொக்டர் திலீப் மஹாலனாபிஸ் அதைப் பயன்படுத்தியபோது, நூற்றுக்கு 30 அளவில் இருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கியது.

டே 1973இல் ஓய்வு பெற்றார், 1985இல் காலமானார். நோபல் பரிசு பெற்ற ஜோசுவா லெடர்பெர்க் இவரை அப்பரிசுக்கு ஒரு தடவைக்கு மேல் பரிந்துரைத்தார். 1978இல் நோபல் கருத்தரங்குக்கும் அழைக்கப்பட்டார். ஆனால் சொந்த நாட்டின் விஞ்ஞானக் கழகங்கள் எதுவும் அவர் உயிரோடிருக்கும்வரை அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை.

நம் சமூகத்திலும் திறமைசாலிகளை மரணித்த பிறகே பாராட்டுகிறோம். பெரிய ஆய்வுகூடம் இல்லையே என்று விஞ்ஞானப் பிரிவைத் தவிர்க்கும் பிள்ளைகளுக்கு இந்த நூல் கட்டிய குடலின் கதையைச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயிற்றோட்டம் என்றதும் பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தும் வழக்கம் இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. அது ஆபத்தானது. கரைசலைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். இரத்தம் கலந்து போனால் தாமதிக்காமல் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.