திராட்சைத் தோட்டத்திலிருந்து தையலறைக்கு



மே 13 என்றதும் நம் நினைவுக்கு வருவது பாத்திமா அன்னை. ஜெபமாலை, தேர்ப்பவனி என்று பங்குகள் களைகட்டும் அந்த நாளிலேயே இன்னொரு புனிதையின் திருவிழாவும் வருகிறது. சலேசிய குடும்பத்தார் தவிர மற்றவர்கள் அதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நாமும் பல ஆண்டுகள் அப்படித்தான் விட்டுவிட்டோம். அவர் பெயர் புனித மரிய மசரெல்லோ. இருபது வயதைத் தாண்டிய பிறகு ஊசியில் நூல் கோக்கத் தொடங்கியவர்.

வட இத்தாலியில் பியமோந்து பகுதியில் மொர்னேசே என்றொரு சிற்றூர். குன்றுகளும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்தது. அங்கே 1837 மே 9 அன்று ஓர் உழவர் குடும்பத்தில் மூத்த பிள்ளையாக மரியா பிறந்தார். தந்தை அவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். எழுதக் கற்றுக்கொடுக்க யாருமில்லை. வால்பொனாஸ்கா என்ற இடத்தில் ஊருக்கு வெளியே இருந்த பண்ணை வீட்டுக்குக் குடும்பம் குடிபெயர்ந்த பிறகு, விடியுமுன் எழுந்து குன்றுப் பாதையில் நடந்து திருப்பலிக்குப் போவார். மாலையில் போக முடியாது. ஆகவே வீட்டுச் சன்னலில் நின்று, தூரத்தில் தெரியும் ஆலயத்தை நோக்கி நற்கருணை ஆண்டவரை ஆராதிப்பார். பகல் முழுவதும் தந்தையோடு தோட்ட வேலை. கூலிக்கு வந்த ஆண்கள் அவரோடு ஈடுகொடுக்க முடியாமல் திணறினார்களாம். அவ்வளவு உடல் வலிமை.

1860இல் மொர்னேசேயில் டைஃபஸ் காய்ச்சல் பரவியது. மரியாவின் சித்தப்பா குடும்பமே படுத்துவிட்டது. அவரது ஆன்ம குருவான அருள்பணி பெஸ்தரீனோ, போய்ப் பணிவிடை செய்ய முடியுமா என்று கேட்டார். போனால் தனக்கும் தொற்றும் என்று மரியாவுக்குத் தெரிந்தே இருந்தது. அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். நோயாளிகள் பிழைத்தார்கள். ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று மரியா படுக்கையில் விழுந்தார். சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். உயிர் மீண்டது, பழைய பலம் மட்டும் மீளவே இல்லை. அப்போது அவருக்கு வயது 23.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம். நோயாளிகளை வீடு சந்திக்கப் போகும்போது நாம் அடிக்கடி காண்பது இது. படுக்கையில் இருக்கும்வரை உறவினர் வருகிறார்கள், ஜெபிக்கிறார்கள். எழுந்து உட்கார்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று போய்விடுகிறார்கள். உண்மையான சோதனை அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது. நேற்றுவரை குடும்பத்தைத் தாங்கியவர், இன்று நான் யாருக்கும் பயன்படாதவள் என்று மனதுக்குள் குமைகிறார். மரியாவின் பெருமை அவர் கைவலிமைதான். ஆண்டவர் எடுத்துக்கொண்டதும் அதையே. கிறிஸ்துவுக்காகச் செய்த ஒரு பிறரன்புப் பணிக்கு இதுதான் சம்பளமா என்று கேட்டிருந்தாலும் நாம் அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த நாட்களில் ஒருநாள் ஊரின் மேட்டுப்பகுதி வழியாக நடந்து போகையில், ஒரு பெரிய கட்டடமும் அதன் முற்றத்தில் ஏராளமான சிறுமிகளும் அவர் கண்முன் தோன்றினார்களாம். இவர்களை உன்னிடம் ஒப்படைக்கிறேன் என்ற பொருளில் ஒரு குரலும் கேட்டதாம். அருள்பணி பெஸ்தரீனோ இதைக் கேட்டு மகிழவில்லை. அப்படிப்பட்ட எண்ணங்களுக்கு இடம் கொடுக்காதே என்று கண்டித்தார். நல்ல ஆன்ம குரு என்றே சொல்லத் தோன்றுகிறது.

மரியா காட்சியை நம்பிக் காத்திருக்கவில்லை. தோழி பெத்ரொனில்லாவிடம் தன் திட்டத்தைச் சொன்னார். ஊர்த் தையற்காரரிடம் தொழில் கற்போம், பிறகு ஓர் அறை எடுத்துச் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுப்போம், தையலைச் சாக்காக வைத்துக் கடவுளை அறிந்து அன்பு செய்யப் பழக்குவோம். 1861இல் இருவரும் வலெந்தீனோ கம்பி என்ற தையற்காரரிடம் போய் அமர்ந்தார்கள். வளர்ந்த பெண்கள், அதுவும் தோட்ட வேலை பார்த்தவர்கள், இந்த வயதில் ஊசி பிடிப்பதா என்று ஊர் பேசியது.

தையல் கற்றவர்களுக்குத் தெரியும், முதல் பாடம் தைப்பதல்ல, பிரிப்பது. நூலை நீளமாக எடுத்தால் முடிச்சு விழும். இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும். ஓரம் மடித்துத் தைக்கும்போது ஒரு தையல் பெரிதானாலும் கண்ணில் குத்தும், எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்கு அந்த மெல்லிய ஊசி எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும்! ஒவ்வொரு தையலும் கடவுள்மீது கொண்ட அன்பின் செயலாக இருக்கட்டும் என்று மரியா தீர்மானித்தது இந்தத் தொடக்க நாட்களில்தான். சபைத் தலைவியான பிறகு கண்டுபிடித்த தத்துவம் அல்ல அது. பிரித்துப் பிரித்துத் தைத்த ஒரு தொடக்கநிலை மாணவியின் ஜெபம்.

1862இல் சிறிய தையலறை திறந்தது. ஊர்ச் சிறுமிகள் வந்தார்கள். அடுத்த ஆண்டு, ஊர் ஊராகப் போய்ப் பொருள் விற்கும், மனைவியை இழந்த ஒருவர் தம் இரண்டு மகள்களைப் பார்த்துக்கொள்ளும்படி கொண்டுவந்து விட்டார். தையலறை வீடாயிற்று. 1864இல் புனித தொன் போஸ்கோ தம் சிறுவர்களோடு மொர்னேசே வந்தார். அவரும் மாணவப் பருவத்தில் கஸ்தல்நுவோவாவில் ஒரு தையற்காரர் வீட்டில் தங்கியபோது தையல் கற்றவர்தான்.

1872 ஆகஸ்ட் 5 அன்று, தொன் போஸ்கோவின் வழிநடத்துதலில் சலேசிய சகோதரிகள் சபை அங்கே பிறந்தது. மரியாவே முதல் தலைவி. ஆரம்பம் இனிமையாக இல்லை. ஆண்பிள்ளைகளின் கல்லூரிக்கென்று ஊரார் கல் சுமந்து கட்டிய கட்டடம் சகோதரிகளுக்குப் போனதால் ஊரே முகம் திருப்பிக்கொண்டது. சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு. இந்த நிலையில்தான், 35 வயதில், சபைத் தலைவி தம் இளம் சகோதரிகளோடு சேர்ந்து எழுதக் கற்றுக்கொண்டார்! இரண்டாம் முறையாக ஒரு தொடக்கநிலை மாணவி. அவர் எழுதிய கடிதங்களில் பிழைகள் உண்டு. அவற்றைச் சபை இன்றும் போற்றிப் பாதுகாக்கிறது.

1877இல் முதல் மறைபணிச் சகோதரிகள் உருகுவாய் நாட்டுக்குக் கப்பலேறினார்கள். 1881இல் பின்னொரு குழுவை வழியனுப்பப் போன அன்னை மரிய மசரெல்லோ, பிரான்சில் நோயுற்று, நீத்சா திரும்பி, மே 14 அன்று 44 வயதில் இறைவனடி சேர்ந்தார். 1951இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

அதற்கு 29 ஆண்டுகள் முன்பே, 1922இல், அவருடைய புதல்வியர் நம் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.