ஆசான் ரஹீம்

ஹைதராபாத்தில் 1909-ஆம் ஆண்டு பிறந்த ஸையத் அப்துல் ரஹீம் முதலிற் பள்ளிக்கூட உபாத்தியாயர். 1950 முதல் அந்நகரப் போலீஸ் கோஷ்டிக்குக் கால்பந்து கற்பித்து, ரோவர்ஸ் கோப்பையை ஐந்து வருஷம் தொடர்ந்து வெல்லச் செய்தார். தேசக் கோஷ்டியும் இவர் கையில் 1951-இல் ஆசியப் பந்தயப் பொற்பதக்கமும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடமும் எய்திற்று.

பின்னர் இறங்குமுகம். 1960-இல் ரோமாபுரியில் ஓராட்டமும் வெல்லவில்லை. 1962-இல் ஜகார்த்தா ஆசியப் பந்தயம் வந்தபோதோ, ஆசானை நுரையீரற் புற்றுநோய் பற்றியிருந்தது. ஓய்ந்திருக்க வேண்டியவர் தளர்ந்த கோஷ்டியை மீண்டும் தாங்குதல் தகுமோ? தோற்றால் ஈட்டிய புகழுக்கும் பழுது. மான்செஸ்டர் யுனைடெட்டின் பஸ்பி 1969-இல் விலகி, 1970 டிசம்பரில் திரும்பி, அடுத்த கோடையிலேயே அகன்றதை நாம் அறிவோம். ரஹீம் போகாதிருந்தால் ஒருவரும் குறை கூறியிரார். எனினும் போனார்.

முதலாட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 எனத் தோல்வி. இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்தமையால், அரங்கத்துச் சனத்திரளும் நம்மவர்பாற் பகை காட்டிற்று. தாய்லாந்துடன் ஆடுகையில் பின்வரிசை ஜர்னைல் சிங்கின் தலை பிளந்தது. தையலிட்ட தலையோடிருந்த அவரையே ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார்! இதுவன்றோ துணிவு. செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டத்தில் எதிர்நின்றவர் அதே கொரியர். பி. கே. பானர்ஜி ஒரு கோலும், ஜர்னைல் ஒரு கோலும் போட, 2–1 என வெற்றி கிட்டிற்று.

1963 ஜூன் 11-இல் ரஹீம் காலமானார். அதன்பின் ஆசியப் பந்தயக் கால்பந்தில் நம் நாட்டுக்குப் பொற்பதக்கம் வாய்த்ததில்லை.