‘ஸ்டூடண்ட்’ என்று கையெழுத்துப் போட்ட பீர்க்காரர்



ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் எழுதின எல்லாருக்கும் ‘ஸ்டூடண்ட்ஸ் டி டெஸ்ட்’ ஞாபகம் இருக்கும். ஃபார்முலாவை எழுதி, டேபிள் பார்த்து, கடைசி வரியை கட்டம் போட்டு முடிச்சிருப்பீங்க. நானும் அப்படித்தான். இன்னும் கேவலமா ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. அது ஸ்டூடண்ட்ஸுக்காக, அதாவது நமக்காக, சுலபமாக்கி வச்ச டெஸ்ட்டுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன்.

இல்லையாம். ‘ஸ்டூடண்ட்’ ஒரு ஆளோட புனைபெயர். அந்த ஆள் வேலை பார்த்தது ஒரு பீர் கம்பெனியில. இந்த வருஷம் எங்க ப்ராஜெக்ட்டுல மூணு கான்கிரீட் க்யூப் உடைச்சப்போ ஒரு சிக்கல் வந்துச்சு. அப்போதான் இவரைத் தேடிப் போனேன். க்யூப் கதையைக் கடைசியில சொல்றேன். (அம்மா இந்த இதழைப் படிக்கிறாங்க. அதனால இப்பவே சொல்லிடறேன்: கீழே வரும் ருசி விவரம் எல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது, குடிச்சு இல்ல!)

முதல்ல பீர் விஷயம். இங்கிலாந்தில் ‘பார்லி வைன்’ என்று ஒன்று உண்டு. பெயர்தான் வைன், உண்மையில் அது பீர். முளைகட்டிய பார்லியை நிறையப் போட்டு, தண்ணீரைக் குறைத்து, கெட்டியாக இறக்குவது. சாதாரண பீரில் ஆல்கஹால் 5 சதவீதம் என்றால் இதில் 8 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். இதை ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறப் போடுவார்கள். மரத்திலிருந்து வெனிலா வாசனை இறங்கும். மரத்தின் நுண்துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று புகுந்து, உலர்ந்த திராட்சை, பேரீச்சை மாதிரி ஒரு ருசி சேரும். ருசி பார்க்கிறவர்கள் இதை ஜில்லென்று குடிக்க மாட்டார்கள். சின்ன கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, வெளிச்சத்தில் நிறம் பார்த்து, சுழற்றி முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்தி, விழுங்கின பிறகு தொண்டையில் என்ன மிஞ்சுகிறது என்று காத்திருப்பார்கள்.

இதுல சிக்கல் எங்கன்னா, ஒரு பீப்பாய் மாதிரி இன்னொண்ணு இருக்காது. பக்கத்து பக்கத்துல வச்ச ரெண்டு பீப்பாய், ஒரே நாள்ல நிரப்பினது, ஆனா ருசி வேற. கிடங்குல நூறு பீப்பாய் இருக்கு, நீங்க மூணை மட்டும் திறந்து ருசி பார்க்கிறீங்கன்னு வைங்க. மூணும் பிரமாதம். மிச்சம் தொண்ணூத்தேழும் பிரமாதம்னு எவ்வளவு தைரியமாச் சொல்வீங்க? எல்லாத்தையும் திறந்து பார்க்க முடியாது. திறந்தா விக்க என்ன இருக்கும்?

கையில் இருப்பது மூன்று அளவு, முடிவு சொல்ல வேண்டியது முழுக் கிடங்குக்கும். இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் நம்ம ஆள் பதில் கண்டுபிடித்தார்.

அவர் பெயர் வில்லியம் சீலி காஸெட். 1876 ஜூன் 13 அன்று இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்தார். அப்பா ராணுவத்தின் பொறியாளர் படையில் கர்னல். பையனுக்கும் அப்பா மாதிரி அந்தப் படையில் சேர ஆசை. கண்பார்வை சரியில்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆமா, இஞ்சினியர் ஆக ஆசைப்பட்டு ஆக முடியாமல் போனவர்தான் நம்ம சிலபஸ்ல உட்கார்ந்திருக்கார்! பிறகு ஆக்ஸ்போர்டு நியூ காலேஜில் கணிதமும் வேதியியலும் படித்தார். இரண்டிலும் முதல் வகுப்பு.

1899-இல், 23 வயதில், அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் இருந்த கின்னஸ் ஆலையில் வேலை கிடைத்தது. உலகத்திலேயே பெரிய பீர் ஆலைகளில் ஒன்று அது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தவர்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு எடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. ஒரு வகையில அது அவரோட கேம்பஸ் ப்ளேஸ்மென்ட்.

கின்னஸ் செய்தது பார்லி வைன் இல்லை, கறுப்பு ஸ்டவுட். ஆனால் தூர தேசங்களுக்கு அனுப்பும் ஸ்டவுட்டை அங்கேயும் பெரிய மரத்தொட்டிகளில் முதிரவிட்டுக் கலப்பார்கள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ நல்லதா கெட்டதா என்பதை, பரம்பரை பரம்பரையாக, கையில் தேய்த்து முகர்ந்து பார்த்துத்தான் சொல்லி வந்தார்கள். பத்து பீப்பாய் செய்கிறவருக்கு மூக்கு போதும். லட்சக்கணக்கில் பீப்பாய் செய்யும் கம்பெனிக்கு மூக்கை மட்டும் நம்பினால் கட்டுப்படி ஆகாது. அதனால் பார்லி, ஹாப்ஸ், மால்ட் எல்லாவற்றையும் அளக்க ஆரம்பித்தார்கள். அளந்ததும் அடுத்த தலைவலி. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வந்தது.

இந்த எண்களை என்ன செய்வது என்று கூட வேலை பார்த்தவர்கள் கணக்கு தெரிந்த காஸெட்டிடம் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1904-இல் அவர் ஆலைக்குள் மட்டும் சுற்றுக்கு விடும் ஒரு அறிக்கை எழுதினார். அளவீட்டில் வரும் பிழைகளின் விதியை பீர் ஆலை வேலைக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்பதுதான் பொருள். எத்தனை தடவை அளந்தால் எவ்வளவு நம்பலாம் என்பதை ஆலை முதலில் முடிவு பண்ண வேண்டும் என்பது அவர் கட்சி. அளப்பதற்கும் காசு ஆகிறது, தப்பான முடிவுக்கும் காசு ஆகிறது. இரண்டையும் தராசில் வைக்கச் சொன்னார்.

ஆனால் புத்தகத்தில் இருந்த சூத்திரங்கள் எல்லாம் நூற்றுக்கணக்கில் அளவீடு இருந்தால்தான் வேலை செய்யும். அவரிடம் இருந்தது நாலு, ஐந்து. 1905-இல் அந்தக் காலத்துப் புள்ளியியல் ஜாம்பவான் கார்ல் பியர்சனைப் போய்ப் பார்த்தார். 1906-இல் கம்பெனியே லீவு கொடுத்து லண்டனுக்கு அனுப்பி, பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் ஒரு வருஷம் படிக்க வைத்தது. அங்கே முதலில் ஒரு துளி திரவத்தில் எத்தனை ஈஸ்ட் செல்கள் இருக்கும் என்று எண்ணுவதில் வரும் பிழையை ஆராய்ந்தார். 1907-இல் அந்தக் கட்டுரை வெளியானது.

அடுத்தது 1908. நம்ம பாடத்தில் இருக்கும் டி டெஸ்ட்டுக்கு விதை அந்த வருஷம் வந்த கட்டுரை. கணக்காகப் போட்டதை நிஜத்தில் சரிபார்க்க அவர் என்ன செய்தார் தெரியுமா? 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது கை நடுவிரல் நீளமும் அளந்த பட்டியல் ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு ஆளையும் ஒரு அட்டைத் துண்டில் எழுதி, 3000 அட்டையையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, நாலு நாலாக எடுத்தார். 750 குட்டி மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் கையால் கணக்குப் போட்டார். இன்னைக்கு நாம கம்ப்யூட்டர்ல ரெண்டு வரியில பண்ற சிமுலேஷனை மனுஷன் அட்டையில பண்ணியிருக்கார்!

என்ன கண்டுபிடித்தார்? அளவீடுகள் குறைவாக இருக்கும்போது சராசரி மட்டும் சந்தேகத்துக்குரியது இல்லை. ரீடிங்குகள் எவ்வளவு சிதறுகின்றன என்று நாம் போடும் கணக்கும் அதே நாலு ரீடிங்கில் இருந்து வந்ததுதான், அதுவும் சந்தேகத்துக்குரியதுதான். அதனால் நம் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைக் கணக்காகச் சொல்லிவிட்டார். இப்போதைய டேபிளை எடுத்துப் பாருங்கள். 95 சதவீத உறுதிக்கு, எக்கச்சக்கமான ரீடிங் இருந்தால் பெருக்க வேண்டிய எண் 1.96. பத்து ரீடிங்குக்கு 2.26. மூன்று ரீடிங்குக்கு 4.30. குறைவான ரீடிங்குக்கு நாம் கட்டும் அபராதம் இது.

ருசிக்கும் இது பொருந்தும். அதே கட்டுரையில் ஒரு உதாரணம்: பத்து நோயாளிகள், இரண்டு தூக்க மருந்து. ஒவ்வொருவரும் இரண்டையும் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆளுக்குள்ளும் வரும் வித்தியாசத்தைத்தான் காஸெட் பார்த்தார். பத்து பேரை ரெண்டு பீப்பாய் பீரையும் ருசி பார்த்து மார்க் போடச் சொன்னாலும் இதே கணக்குதான். தாராளமா மார்க் போடுற ஆள் இருப்பார், கஞ்சத்தனமா போடுற ஆளும் இருப்பார். ஆனா ரெண்டு பீப்பாய்க்கும் நடுவுல ஒவ்வொருத்தரும் போடுற வித்தியாசம் பேசும்.

சரி, ஏன் புனைபெயர்? ஆலையின் வேலைமுறை போட்டியாளர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று கின்னஸுக்குப் பயம். சொந்தப் பெயரில் எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். அவர் ‘ஸ்டூடண்ட்’ என்று கையெழுத்துப் போட்டார். மாணவன்! உலகமே பாடமாகப் படிக்கப் போகிறதை எழுதியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது.

உடனே யாரும் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. பியர்சனுக்கே இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இவ்வளவு சின்ன மாதிரியை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது பீர்க்காரர்களின் குறும்பு என்கிற ரீதியில் கிண்டல் செய்தார். 1912-இல் கேம்பிரிட்ஜில் இருந்து ரொனால்ட் ஃபிஷர் என்ற இளைஞர் கடிதம் எழுதினார். காஸெட் பாதி ஊகமாக எட்டிய முடிவை முறைப்படி நிரூபித்திருந்தார். பிற்காலத்தில் அதை இன்றைய டி வடிவத்துக்குக் கொண்டுவந்து, 1925-இல் வந்த தன் புத்தகத்தின் மூலம் ஊரெல்லாம் பரப்பியவரும் ஃபிஷர்தான். பியர்சனுக்கும் ஃபிஷருக்கும் ஆகவே ஆகாது. காஸெட் இருவருக்கும் கடைசிவரை நண்பர்.

அவர் எங்கே தப்பைக் கண்டாலும் நிதானமாகச் சுட்டிக்காட்டுவார். 1930-இல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில் 20,000 பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பாதிப் பேருக்கு நாலு மாதம் தினமும் பால், பாதிப் பேருக்கு இல்லை. பால் குடித்த பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம். ஆனால் யாருக்குப் பால் என்பதில் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் ஆசிரியர்களுக்கு இருந்தது. மெலிந்த பிள்ளையைப் பார்த்தால் எந்த டீச்சருக்கு மனசு கேட்கும்? பால் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஆரம்பத்திலேயே இரண்டு கூட்டமும் சமமாக இல்லாமல் போனது. 1931-இல் காஸெட் இதை எடுத்துச் சொல்லி, 50 ஜோடி இரட்டையரை வைத்துச் செய்திருந்தால் கொஞ்சச் செலவிலேயே நம்பகமான பதில் கிடைத்திருக்கும் என்று எழுதினார். பிள்ளைகள் மேல் வந்த இரக்கம் தப்பில்லை. அந்த இரக்கம் கணக்கில் நுழைந்ததுதான் தப்பு.

1934-இல் கார் விபத்தில் கால் உடைந்து மாதக்கணக்கில் படுத்திருந்தார். அப்போதும் கணக்குதான். 1935-இல் லண்டனில் கின்னஸ் புதிதாகக் கட்டிய ஆலைக்கு மாறினார். 1937 அக்டோபர் 16 அன்று மாரடைப்பில் காலமானார். வயது 61. கடைசிவரை பீர்க்காரராகவே வேலை பார்த்தவர். புள்ளியியல் அவருக்கு ஆலை வேலையில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

இப்போ எங்க க்யூப் கதை. சிமெண்டுல ஒரு பகுதிக்குப் பதிலா ஃப்ளை ஆஷ் கலந்து M25 தரத்துக்கு கான்கிரீட் போட்டோம். 150 மில்லிமீட்டர் க்யூப் மூணு. 28 நாள் தண்ணியில வச்சு உடைச்சோம். 33.1, 32.4 மெகாபாஸ்கல். மூணாவது 27.2. டீம்ல எல்லாரோட முகமும் தொங்கிடுச்சு. அதையும் 32-ன்னு போட்டுடலாம், யாருக்குத் தெரியும்னு ஒரு குரல் வந்துச்சு. மறைக்க வேண்டாம், அந்தக் குரல் என்னோடதுதான். ரெக்கார்டு நோட்டுல இந்த வேலையைப் பண்ணாதவங்க கை தூக்குங்க பார்ப்போம்.

அன்னைக்கு ராத்திரி டி டேபிளை எடுத்து உட்கார்ந்தேன். சராசரி 30.9. மூணு ரீடிங் போதும்னு நினைச்சு 1.96-ஆல பெருக்கினா, உண்மையான சராசரி 27.3-க்கும் 34.5-க்கும் நடுவுல. 25-ஐத் தாண்டியாச்சு, ஜாலி. ஆனா இருக்கிறது மூணே மூணு. 4.30-ஆல பெருக்கினா 22.9-ல இருந்து 38.9 வரை. அதாவது உண்மையான சராசரியே 25-க்குக் கீழே இருக்கவும் வாய்ப்பு இருக்கு. முதல் கணக்கை நம்பி ஒருத்தர் வீட்டுக்கு ஸ்லாப் போட்டிருந்தா?

27.2 அப்படியே ரிப்போர்ட்டுல இருக்கு. முடிவுரையில, இந்த மூணு க்யூபை வச்சு உறுதியாச் சொல்ல முடியாது, இன்னும் மாதிரி வேணும்னு எழுதியிருக்கோம். வைவாவுல இதுக்கு எவ்வளவு மார்க் வரும்னு தெரியல. ரெண்டாவது பேட்ச்சுல ஒன்பது க்யூப் போட்டு தண்ணியில வச்சிருக்கோம்.

அடுத்த தடவை ரீடிங் சரியா வரலன்னு ரப்பரை எடுக்கிறதுக்கு முன்னாடி, அட்டை கலைச்சு உட்கார்ந்திருந்த அந்த பீர்க்காரரை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க. அவரும் நம்மளை மாதிரி ‘ஸ்டூடண்ட்’தான்.